கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

கடிதத்தை மூன்றாவது முறையும் படித்துவிட்டாள். அடிக்க ஒன்றும் இல்லை.

பென்சில் கையிலேயே இருந்தது.

அவள் கணவர் சிதம்பரநாதன் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். இங்கிலீஷில் எழுதினால்தான் நகராட்சி ஆபீசில் எடுத்துப் படிப்பார்கள் என்பது அவர் கட்சி. எந்தக் கடிதமானாலும் முதலில் மனைவியிடம் வரும். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இங்கிலீஷ் நடத்தியவள் அவள்.

எல்லாக் கடிதமும் ஒரே வரியில்தான் முடியும். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.

தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ‘ஆவன செய்யவும்’ என்று எழுதிப் பழகிய கை.

ஒவ்வொரு முறையும் அடிப்பாள். என்ன வேண்டும் என்று மேலேயே சொல்லியாயிற்று, பிறகு இது எதற்கு என்பாள். அவரும் தலையை ஆட்டுவார். நல்ல பிரதியில் அது மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும்.

பதினொரு வருஷம். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இன்றைக்கு அந்த வரி இல்லை.

நாலாவது தெரு முனைக்கு ஒரு விளக்கு வேண்டும், பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

“புதுசா ஒரு இன்ஜினியர் மேடம் வந்திருக்காங்கல்ல, போன லெட்டரைப் பார்த்துட்டு அவங்கதான் ஃபோன்ல கூப்பிட்டுச் சொன்னாங்க. என்ன வேணும்னு மேலயே சொல்லிட்டீங்க, அப்புறம் அந்தக் கடைசி வரி எதுக்கு சார்னு. யோசிச்சுப் பார்த்தா நியாயம்தானே?” என்றார்.

நியாயம்தான்.

அவள் சொன்ன அதே நியாயம். அந்த மேடம் ஒரே ஒரு தடவை சொன்னாளாம், ஏறிவிட்டதாம்.

என்ன வயசு இருக்கும் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

வயிறு எரிந்தது. இந்த வயசில் இதற்கெல்லாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் எரிந்தது.

நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அதிலேயே கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பதினொரு மணிக்கு மேடத்திடம் நேரில் கொடுக்க வேண்டுமாம். இத்தனை நாள் தபாலில்தான் போய்க்கொண்டிருந்தது.

இஸ்திரி போட்ட சட்டை கட்டில் மேல் கிடந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் கடிதத்தை வெளியே எடுத்தாள். கையெழுத்துக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது. அவர் பேனாவையே எடுத்தாள். பதினொரு வருஷம் பார்த்துப் பார்த்து அடித்த எழுத்து, அதன் சாய்வுகூட அவளுக்கு அத்துப்படி.

கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.

எழுதினாள். மை காயும் வரை ஊதினாள். மடித்து உள்ளே வைத்து உறையை ஒட்டினாள்.

அந்த மேடம் இவரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே பிரித்துப் படிக்கட்டும். யார் சொன்னாலும் இந்த மனுஷனுக்கு ஏறாது என்று தெரிந்துகொள்ளட்டும்.