முகத்தின் மேல் வைக்கக் கூடாத கல்

வியாபாரிகள் சங்கத் தேர்தலில் மண்ணைக் கவ்விய சங்கரபாண்டி அண்ணாச்சி, மிச்சமிருந்த, தன் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸை ஒழுகுகிற தன் ஓட்டு வீட்டுக்குப் போர்த்தினார். ஊரில் எல்லாரும் படத்தைக் கவிழ்த்துத்தான் போர்த்துவார்கள். இவர் நிமிர்த்திப் போடச் சொன்னார். இல்லாவிட்டால் எதிர்மாடிக்காரர்கள் காலையில் எழுந்து யாரைத்தான் பார்ப்பார்கள்?

அதைப் போர்த்த வந்த மாடக்கண்ணு நான்கு ஓரமும் கல் வைத்துவிட்டு, நடுவில் வைக்க இன்னொன்றைத் தூக்கினான்.

"லேய், என் மூஞ்சியிலயா கல்லு வைக்கே?"

"கார்த்திகைக் காத்து, அண்ணாச்சி. நடுவுல பாரம் இல்லேன்னா தூக்கிரும்."

"என் மூஞ்சியே பாரந்தாம்ல. எறங்கு."

அந்தப் பாரம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், காற்றுக்குத் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் அது ஃப்ளெக்ஸுக்கு அடியில் புகுந்ததும் அண்ணாச்சியின் முகம் கூரைமேல் உப்பி எழுந்தது. ஓட்டு இடுக்கில் இறங்கிய மழை, மகள் பெற்று எட்டு நாளே ஆன குழந்தையின் தொட்டிலில் கொட்டியது. குழந்தை வீறிட்டது. தாத்தாவோ முற்றத்தில் நின்று, படம் கிழிந்துவிடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி பேச்சியம்மாள் தொட்டிலை நகர்த்தினாள். நகர்த்திய இடத்திலும் ஒழுகியது. திருகையின் மேல்கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

"ஏட்டி, நெத்தியில வச்சிராத! திருநீறு இருக்கு!"

அவள் கூரையிலிருந்து குனிந்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப வாயில வைக்கட்டுமா?"