ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

பல்கலைக்கழக நூலகத்தில், எழுதியவர்களே மறந்துபோன ஆய்வேடுகளை ஸ்கேன் செய்யும் வேலை. கணவன் கண்ணை மூடியதும் அது அவளுக்கு வந்து சேர்ந்தது. அவன் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே மேஜை. இடது கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டு வலது கையால் பொத்தானைத் தட்டினால், மேலே இருக்கும் கேமரா படம் பிடித்துக்கொள்ளும்.

"அக்கா, மறுபடியும் படத்துல விரல் விழுந்திருக்கு பாருங்க," என்றாள் மேற்பார்வை பார்க்கும் பெண்.

பக்கத்தின் வலது ஓரத்தை ஒரு கட்டைவிரல் பதமாகப் பிடித்திருந்தது. அவளுடைய வலது கை பொத்தானில் அல்லவா இருந்தது? விரலின் நகம் நடுவில் பிளந்திருந்தது. கல்யாணமான புதிதில், அவள் கோபத்தில் படாரென்று சாத்திய கதவில் நசுங்கிய அவன் நகம். அன்று ராத்திரி முழுக்க அதை ஊதி ஊதி அழுதவளும் அவள்தான்.

"சரி பண்ணிடறேம்மா."

"மெனக்கெடாதீங்கக்கா. திங்கக்கிழமை புது சாஃப்ட்வேர் போடறாங்க. விரல் எங்க விழுந்தாலும் அதுவே அழிச்சிடும். அடையாளமே இருக்காது."

வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு, அவள் ஆய்வேட்டை மூடி ஓரமாக வைத்தாள். வெறும் மேஜைமேல் இடது கையை மல்லாத்தி, விரித்து வைத்துக்கொண்டு பொத்தானைத் தட்டினாள்.

திரையில் படம் வந்தது. அதில் அவள் கை மூடியிருந்தது. மூடிய விரல்களுக்கு நடுவே அந்தப் பிளந்த நகம் தெரிந்தது.

அவள் குனிந்து மேஜையைப் பார்த்தாள். கை விரித்தபடியே, காலியாகக் கிடந்தது. அதன்மேல் மெல்ல ஊதினாள்.