ஆற்றங்கரைப் பாடம்

ஒவ்வொரு அரசுப் பள்ளியும் தன் பாடத்தைத் தானே எழுதி, பெற்றோர் குழுவில் ஓட்டுக்கு விடலாம் என்று ஆன பிறகு, இருதயராஜ் வீட்டில் சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிட்டது.

“ஆத்தோரத்து ஜனங்க அவங்களாவே ஆசப்பட்டுதான் குடிசையக் காலி பண்ணாங்க. எங்க புக்ல இருக்கு,” என்றாள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ஷைனி.

“பொய்! புல்டோசர் வுட்டு இடிச்சாங்க. எங்க புக்ல படமே போட்டிருக்கு,” என்றாள் தொடக்கப் பள்ளியில் படிக்கும் தங்கை மெர்லின்.

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் இரண்டு பள்ளிகளின் பெற்றோர் குழுவிலும் உறுப்பினர். குழுக் கூட்டத்தில், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று ஒரு பள்ளியின் பாடத்துக்குக் கை தூக்கியிருந்தார். எல்லோரும் தூக்குகிறார்களே என்று மற்றதற்கும் தூக்கியிருந்தார்.

“அன்னைக்கு நான் அங்கதாம்மா இருந்தேன். லாரி வந்துச்சு. எங்கம்மா சோத்துப் பானையக் கட்டிப் புடிச்சிக்கினு...”

அதற்குமேல் அவருக்கு ஓடவில்லை. அம்மா அழுதாளா? லாரியில் ஏற்றினார்களா, தாங்களாகவே ஏறினார்களா? தன் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் இப்போது நினைத்தால் இரண்டு புத்தகமும்தான் கண்முன் வருகின்றன.

மெர்லினுக்குப் பொறுமை போய்விட்டது.

“அத்த வுடுப்பா. நீ எந்த ஸ்கூல்ல படிச்ச, அதச் சொல்லு.”