வழக்கமான வேலை

வெள்ளிக்கிழமை வந்தாலே அண்ணன் முனக ஆரம்பித்துவிடுவார்.

ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஃப்ரிட்ஜ் கம்பெனியில் ரிப்பேர் புகார்களைக் கவனிக்கிற பிரிவு. இருபது வருஷமாக அதே நாற்காலி, அதே டெலிபோன்.

புதிதாக வந்த மேனேஜர் மேடம் அவரைவிட வயதில் சின்னவர். வந்ததும் வராததுமாக ஒரு சட்டம் போட்டார். வாரக் கடைசியில் ஒவ்வொருவரும் அந்த வாரம் என்ன கிழித்தோம் என்று நாலு வரி எழுதித் தர வேண்டும்.

அண்ணன் எழுதியது இரண்டே வார்த்தை: 'வழக்கமான வேலை.'

மேடம் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"வழக்கமான வேலைன்னா?"

"புகார் வரும் மேடம். பார்த்துக்குவேன்."

"பார்த்துக்குவேன்னா? யாரோட புகார்? என்ன செஞ்சு தீர்த்தீங்க?"

அண்ணன் பின்மண்டையைச் சொறிந்தார். "ஒரு மருந்துக்கடை ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு. உள்ளே பூரா இன்சுலின். நம்ம மெக்கானிக் லீவு. பக்கத்து ஏரியா ஆளைக் கையைக் காலைப் பிடிச்சு அனுப்பி வச்சேன். அவர் போற வரைக்கும் மருந்தை எப்படிக் காப்பாத்தறதுன்னு போன்லயே சொல்லிக்கிட்டிருந்தேன்."

"இதை ஏன் எழுதலை?"

"நம்மளை நாமே புகழ்ந்துக்கிற மாதிரி இருக்குமே."

"நீங்க எழுதலைன்னா வேற யார் எழுதுவாங்க? போய் எழுதிட்டு வாங்க."

வாராவாரம் இதே கூத்து. பக்கத்து சீட் பெண் காதைக் கடித்தாள். "உங்களைக் கிளப்பப் பார்க்குதுண்ணே. அதான் ஆதாரம் சேர்க்குது."

அண்ணன் வீட்டில் வந்து புலம்பினார். மனைவிக்கும் பகீரென்றது. "இந்த வயசுல வேலை போனா யார் கூப்பிட்டுக் கொடுப்பாங்க? ரெண்டு பொண்ணுங்களும் காலேஜ்ல இருக்காங்க. கேட்கிறதை எழுதிக் கொடுத்துட்டுப் பேசாம இருங்க."

அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். மேடத்தை மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

ஆறு மாதத்தில் பயந்தது நடந்தது. அண்ணனை மட்டுமல்ல, பிரிவையே மூடிவிட்டார்கள். பதினோரு பேருக்கும் வேலை இல்லை என்றாகிவிட்டது.

மேடம் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். அண்ணன் கையில் இரண்டு பக்கம் கொடுத்தார். அவருடைய பயோடேட்டா. வெள்ளிக்கிழமைகளில் அவர் முனகிக்கொண்டே எழுதியதெல்லாம் அழகாக டைப் ஆகியிருந்தது. முதல் வரியே மருந்துக்கடைதான்.

"மேடம், மூடப் போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வரும்போதே தெரியும். சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. மீறியிருந்தா அன்னிக்கே என்னை அனுப்பியிருப்பாங்க. அப்புறம் இதை யார் உங்ககிட்ட எழுதி வாங்கியிருப்பாங்க?"

அண்ணன், தான் திட்டியதையெல்லாம் நினைத்துக் கூசிப் போனார்.

வீட்டில் அவருடைய பழைய பயோடேட்டா ஒன்று இருந்தது. அதில் பெரிய தகுதியே தபால்தலை சேகரிப்புதான். அதைத் தூரப் போட்டுவிட்டுப் புதியதை அனுப்பினார். மூன்று இடத்திலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் முதலில் கேட்டது அந்த மருந்துக்கடைக் கதையைத்தான். இரண்டாவது இடத்தில் வேலையும் கிடைத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எங்காவது ஒட்டிக்கொண்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மதியம், புது ஆபீஸ் கான்டீனுக்கு மேடம் அவரைத் தேடி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"எங்கே மேடம் இருக்கீங்க இப்போ?"

"வீட்டுலதான். பிரிவை மூடினப்ப என்னையும் சேர்த்துத்தான் மூடினாங்க." கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "எங்கெங்கேயோ அனுப்பிட்டேன். ஒருத்தரும் கூப்பிடலை. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களாண்ணே?"

அவர் 'அண்ணே' என்றது அதுதான் முதல் தடவை.

அண்ணன் படித்தார். கடைசி வேலைக்கு எதிரே ஒரே வரி: 'பிரிவின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டேன்.'

"கவனிச்சுக்கிட்டேன்னா? யாரை? எத்தனை பேரை?"

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். "அதைப் போய் எப்படி எழுதறது? நம்மளை நாமே..."

"நீங்க எழுத வேண்டாம். நான் எழுதறேன்."

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அதன் மேல் எழுதினார்: 'வேலை போகவிருந்த பதினோரு பேரை, ஒருவர் விடாமல் வேறு வேலைக்குத் தயார் செய்தேன்.'

பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், இவரைப் பற்றி விசாரிக்க வேண்டிய ஆட்கள் என்ற இடத்தில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார். அடுத்து பக்கத்து சீட் பெண்ணின் நம்பர். அடுத்து இன்னொருவர். எழுதிக்கொண்டே போனார்.

"அண்ணே, அங்கே ரெண்டு பேர் போதும்."

அண்ணன் நிமிராமல் சொன்னார்.

"எங்களுக்குப் போதாது மேடம்."