பேர் சொல்லி ஒரு தடவை

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் அந்த ஒருத்தி மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். மடிப்புக் கலையாத அரக்குப் பட்டு, முகம் நிறைய மஞ்சள், நெற்றியில் பெரிய குங்குமம், தலை கொள்ளாத பூ. மாதர் சங்கத்துப் பாயில் கடைசியாக உட்கார்ந்து, கண் கொட்டாமல் கமலவேணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலவேணி மெட்ராஸில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுப்பவள். கணவன் மனைவி உறவைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. "தறிக்காரப் பொம்பளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்ததில் அது இன்னும் ஏறியிருந்தது.

சின்ன காஞ்சிபுரத்துப் பெண்கள் நன்றாகத்தான் கேட்டார்கள். "புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, நெருக்கம் தானா வரும்" என்றபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும் எல்லாருக்கும் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. கமலவேணி காலியான பாயைப் பார்த்துக்கொண்டே குறிப்புத்தாள்களைப் பைக்குள் திணித்தாள்.

பட்டுப்புடவைக்காரி மட்டும் போகவில்லை. சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து மெள்ள வந்தாள். கால் கட்டைவிரல் இரண்டிலும் அறுந்த வெள்ளை நூல் தொங்கியது. தறிக்காரி காலில் நூல் ஒட்டாமல் வேறு யார் காலில் ஒட்டும் என்று நினைத்துக்கொண்டாள் கமலவேணி.

"எம்பேரு வடிவாம்பாள்மா. கோயில் மதிலுக்குப் பின்னால, வேப்பமரத்து வூடு. எங்க வூட்டுக்காரு எங்கிட்ட பேச மாட்டேங்கிறாரு."

"எத்தனை நாளா?"

"நேத்திலேருந்து. தறியில உக்காந்துக்கினு ஓயாம பேசுவாரும்மா. இப்ப எதிர்ல போயி நின்னாக்கூட ஏறெடுத்துப் பாக்கறதில்ல. சோறு துண்ணல. தறி மேல கைய வெச்சுக்கினு சும்மா உக்காந்துக்கினு இருக்காரு."

"ஏதாவது சண்டையா?"

"எங்களுக்குள்ள சண்டையே வராதும்மா. அவரை வுட்டுட்டு நான் எங்கயும் போனதில்ல. தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குது."

குரல் அழுதது. கண்ணில் மட்டும் ஈரமில்லை. கமலவேணிக்கு மனசு இளகிவிட்டது. போன ஊர்களில் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்களே தவிர, இப்படி ஒருத்தி வந்து மனசு திறந்து கேட்டதில்லை.

"அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏங்கன்னுதான்."

"அதான் விஷயம். பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

வடிவாம்பாள் பதறிப்போனாள். "ஐயோ, பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சிடும்மா!"

"எல்லாம் மூடநம்பிக்கை. என் வீட்டுக்காரரை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடறேன். குத்துக்கல்லு மாதிரி இருக்கார். சரி, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

வடிவாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். "முருகன் ஆண்டியா நிக்கிறாரே, அந்த ஊரு."

"பழனியா?"

அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே அவள் முகம் புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது.

"வாசல்ல நின்னு ஒரே ஒரு தடவை பழனின்னு கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலேன்னா என்னை வந்து கேளுங்க."

"நெசமாவா? கூப்பிட்டா எங்கூட வருவாராம்மா?"

"நீங்க எங்க கூப்பிட்டாலும் வருவார்."

வடிவாம்பாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வந்த மாதிரியே சின்ன அடி வைத்துப் போனாள். ஊருக்குத் திரும்பியதும் கேலி செய்தவர்களிடம் இதைச் சொல்லியே தீர வேண்டும் என்று கமலவேணி முடிவு கட்டினாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரமிருந்தது. மருந்து வேலை செய்ததா என்று பார்க்கிற ஆசையில் கோயில் மதிலைச் சுற்றிக்கொண்டு போனாள். வேப்பமரத்தடியில் பச்சை மூங்கிலை வெட்டிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆணின் உடலைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். காலடியில் பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா இது?"

"பழனிம்மா. நேத்து வெளக்கு வெக்கிற நேரம். நாங்கல்லாம் கூடத்தான் இருந்தோம். திடீர்னு யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாப்பல வாசப்பக்கம் திரும்பினாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'தோ வந்துட்டேன்'னாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு."

"கூப்பிட்டது யாரு?"

"வாசல்ல ஒருத்தரும் இல்லியேம்மா."

ஆயுசு குறைந்துவிடும் என்று பதறிய குரல் கமலவேணியின் காதிலேயே நின்றது. நாம் சொல்லித்தானே கூப்பிட்டாள் என்று நினைத்தாள். அவள் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

"வடிவாம்பாள் எங்கேம்மா? நான் அவங்களைப் பார்க்கணும்."

கங்கையம்மாள் வெள்ளை நூலைப் பல்லால் அறுத்து, பழனியின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளை முந்தாநேத்தே எடுத்துட்டோமேம்மா."