முத்திரைப் புத்தகம்

மூன்றே நாள் பயணம். வெள்ளியன்று பார்ட்ஸ்டவுனில் விஸ்கி ஆலைகள், சனியன்று லெக்சிங்டனில் குதிரைப் பந்தயம், ஞாயிறன்று குதிரைப் பண்ணைகள். அன்று மாலையே டெல்ஃபின் சின்சினாட்டியில் இறங்கிக்கொள்வாள். திங்கள் காலை அங்கே அவளுக்குப் புது வேலை. பதினோரு வருஷத்தில் முதன்முறையாக அவளை அங்கே தனியே விட்டுவிட்டுத் திரும்பக் கணவன் ஓரின் சம்மதித்திருந்தான்.

புதன் மதியம் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தாள். ஆலைக்கு ஆலை முத்திரை வாங்கும் சின்னப் புத்தகம் அன்றுதான் தபாலில் வந்திருந்தது. உறையைக் கிழித்துத் திறந்தாள். வரப்போகும் வெள்ளிக்கிழமைத் தேதியில் முத்திரைகள் ஏற்கெனவே குத்தப்பட்டிருந்தன. அடுத்த திங்கள் தேதியிலும் அதே ஆலைகள். மூன்று நாள் கழித்து வியாழன் தேதியிலும் அதேதான். கடைசிப் பக்கம் வரை ஓர் இடம் காலியில்லை.

"இதப் பாரு, ஓரின்."

"அச்சடிச்சவன் போதையில இருந்திருப்பான். நம்ம ஊர்ல அது அதிசயமா?"

"எனக்குப் பயணமே வேணாம். நாளைக்கே பஸ் புடிச்சு சின்சினாட்டிக்குப் போயிடறேன்."

"உன் இஷ்டம் கண்ணு. கையக் கழுவிட்டு வா, சோளரொட்டி ஆறுது."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பவன் அல்ல அவன்.

குழாயைத் திறந்தாள். புறங்கையில் நீல மையில் ஒரு குதிரை. பந்தய மைதான வாசலில், வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வரப்போகிறவர்களுக்குக் குத்தும் முத்திரை அது. டெல்ஃபின் இதுவரை அந்த மைதானத்துக்குப் போனதே இல்லை.

மூன்று முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது. குதிரை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.