இருபத்து நாலாம் பெட்டி

பதினாலாம் எண் தீப்பெட்டி காலியாக இருந்தது.

அம்மா அதை ஒருமுறை குலுக்கிப் பார்த்தாள். குலுக்கினால் மட்டும் மிட்டாய் வந்துவிடுமா என்ன?

"பதினஞ்சைப் பாரும்மா" என்றாள் எட்டு வயது மகள். துப்பறியும் வேலை என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பதினைந்தும் காலி. பதினாறும் காலி. இருபத்து நாலு வரை ஒரு மிட்டாய்கூட மிச்சமில்லை.

அப்பாவையும் சேர்த்து மூன்று பேரும் திரும்பி ஐந்து வயது மகனைப் பார்த்தார்கள். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

திருவருகைக் காலத்துக்காக அம்மா தன் கையாலேயே ஒட்டிச் செய்த அட்டை அது. டிசம்பர் ஒன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை நாளுக்கு ஒரு தீப்பெட்டி, பெட்டிக்கு ஒரு மிட்டாய். ஒற்றைப்படை நாள் அக்காவுக்கு, இரட்டைப்படை நாள் தம்பிக்கு. அம்மா வேலை பார்ப்பது பல் டாக்டரிடம். சொத்தைப் பல்லோடு அழும் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறவள், இரண்டு நாளைக்கு ஒரு மிட்டாய் கொடுப்பதே பெரிய மனசு.

மிட்டாயைவிட அவளுக்கு முக்கியம், பிள்ளைகள் காத்திருக்கப் பழகுவது. "ஒவ்வொண்ணாத்தான் திறக்கணும். கடைசிப் பெட்டியைத் திறந்தா மறுநாள் கிறிஸ்துமஸ்" என்று தினமும் சொல்லித்தான் திறக்க விடுவாள். மூலையில் இருந்த கிறிஸ்துமஸ் குடிலில் மரியாளும் சூசையும் என்றைக்கோ வந்தாயிற்று. குழந்தை இயேசு மட்டும் இன்னும் பீரோவுக்குள் பஞ்சில் சுற்றிக் கிடந்தார். நாள் வருவதற்கு முன்னால் வெளியே வரக்கூடாது என்ற சட்டம் அவருக்கும் உண்டு.

"தின்னுட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"பின்னே எங்கே?"

தொழில் புத்தி விடுமா? அம்மா அவனை விளக்கடியில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள். கடைவாய் வரைக்கும் சுத்தமாக இருந்தது.

போகிற நேரத்தில் விட்டுவிடேன் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அவர் கப்பலில் எலக்ட்ரீஷியன். மறுநாள் விடியற்காலையில் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மாதம் ஆகும். மூன்று வருஷமாக அவருக்குக் கிறிஸ்துமஸ் கடலில்தான். இந்த வருஷமாவது லீவு தாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"நீங்க போயிடுவீங்க. இவன் திருடவும் பொய் சொல்லவும் பழகினா நான்தானே பார்க்கணும்?" என்றாள் அம்மா. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

மேசையில் பச்சை இலை வளையமும் நாலு மெழுகுவத்தியும் தயாராக இருந்தன. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே வர வேண்டும். முதலாவது அப்பாவுடையது, இரண்டாவது அக்காவுடையது, கடைசி அம்மாவுடையது. இன்று ஏற்ற வேண்டிய மூன்றாவது தம்பியுடையது. அது ஒன்றுதான் ரோஸ் கலர். அதற்காக அவன் இரண்டு வாரமாகப் பறந்துகொண்டிருந்தான்.

"உன்னோடதை இன்னைக்கு அக்கா ஏத்துவா" என்றாள் அம்மா.

அவன் உதடு நடுங்கியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த அழுத்தம்தான் அம்மாவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இருபத்து நாலு தீப்பெட்டி இருக்கிற வீட்டில் ஒரு தீக்குச்சி இல்லை. பயணப் பையில் லைட்டர் இருக்கும் என்று அப்பா உள்ளே போனார். போனவர் வர நேரமாயிற்று. வரும்போது ஒரு கையில் லைட்டர், இன்னொரு கையில் புடைத்துக்கொண்டிருந்த ஒரு சாக்ஸ். அதை மேசைமேல் கவிழ்த்தார். பதினொரு மிட்டாய்.

"ஒளிச்சு வைக்க நல்ல இடமாத்தான் பார்த்திருக்கான்" என்றாள் அம்மா.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகை மகனுக்கு இப்போது வந்துவிட்டது. "கப்பல்ல போய்த்தானேப்பா பார்க்கணும்? ஏன் இப்பவே எடுத்தீங்க?"

அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டார்.

"கடைசிப் பெட்டியைத் திறந்தா மறுநாள் கிறிஸ்துமஸ்னு அம்மா சொன்னாங்க. நீங்க நாளைக்குப் போயிடுவீங்கல்ல? அதான் நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் திறந்துட்டேன். காலையில எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். வரவே இல்லை."

"சரி, மிட்டாயை ஏன் என் பையில வச்சே?"

"இங்கதான் வரலை. நீங்க போற இடத்துக்காவது வரட்டும்னு."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா அந்தப் பதினொரு மிட்டாயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்ஸுக்குள் திரும்பப் போட்டாள்.

அப்பா ஒரு சின்ன மெழுகுவத்தியைப் பற்றவைத்து மகன் கையில் கொடுத்தார். முதல் இரண்டையும் ஏற்றி, ரோஸ் கலரையும் ஏற்றிவிட்டு, கையில் இருந்ததை ஊதி அணைக்கப் போனான் அவன்.

"அணைக்காதே. நாலாவதையும் நீயே ஏத்து" என்றாள் அம்மா.

"அது உன்னோடதும்மா. அடுத்த ஞாயித்துக்கிழமைதானே ஏத்தணும்?" என்றாள் மகள்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பஞ்சைப் பிரித்துக்கொண்டே வந்தவள், குழந்தை இயேசுவைக் குடிலில் படுக்க வைத்துவிட்டு மகனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"காலையில வரலைதான். இப்ப வந்துடுச்சு, பாரு."